பேரேட்டில் பிறந்த பணம்

பணவீக்கம் தலைதெறிக்க ஓடிய நாடுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "கண்ணை மூடிக்கொண்டு நோட்டடித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் அந்தப் பக்கத்து மத்திய வங்கிகள் சிலவற்றில் கணக்கு ஆலோசகனாக வேலை பார்த்தவன் நான். நோட்டடிக்கும் இயந்திரம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. உக்ரைன் 1992 ஜனவரியில் புழக்கத்துக்கு விட்ட கூப்பன் நோட்டுகள் வெளிநாட்டில் அச்சாகி வந்தவை. முதல் தொகுதியில் வரிசை எண்கூடக் கிடையாது. அவற்றை எண்ணிப் பார்த்து எவ்வளவு பணம் பிறந்தது என்று கணக்கெடுக்க நினைத்தவர் திண்டாடியிருப்பார். பெரும்பகுதிப் பணம் பேரேட்டில்தான் பிறந்தது, யாரோ ஒரு குமாஸ்தா ஒரு பக்கம் பற்றும் மறுபக்கம் வரவும் எழுதிய நிமிடத்தில். அந்த வரிகளைத் தேடிப் பிடித்து, எது யாருக்காக எழுதப்பட்டது என்று பிரித்து வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த வேலையின் அரிச்சுவடியைப் பம்பாயில் ரிசர்வ் வங்கியில் இருந்தபோதே படித்திருந்தேன். மத்திய அரசின் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் குறைந்தது 50 கோடி ரூபாய் இருக்க வேண்டும், மற்ற நாட்களில் 4 கோடி போதும் என்பது 1955இல் செய்துகொண்ட ஏற்பாடு. வெள்ளிக்கிழமைக்கு என்ன விசேஷம் என்றால், வங்கியின் வாராந்தர நிலை அறிக்கை அன்றைய கணக்கை வைத்துத்தான் வெளியாகும். இருப்பு அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் 'அட்-ஹாக்' கருவூல உண்டியல் ஒன்று தானாகவே உருவாகும். தவணை 91 நாள். வட்டி, 1974 முதல் அசையாமல் 4.6 சதவீதம். தவணை முடிந்ததும் அந்த இடத்துக்கு இன்னோர் உண்டியல் வரும். டெல்லி கெஞ்ச வேண்டியதில்லை. பம்பாய் மறுக்க முடியாது. 1994 செப்டம்பரில், சி. ரங்கராஜன் ஆளுநராக இருந்தபோது, அரசும் வங்கியும் ஒப்பந்தம் செய்து படிப்படியாகக் குறைத்து, 1997 ஏப்ரலில் அந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டினார்கள். ஆகவே கீவ் நகரத்தில் போய் இறங்கியபோது, அரசாங்கம் மத்திய வங்கியின் கையைக் கொண்டு செலவு செய்வதைப் பார்த்து வாய் பிளக்கும் நிலையில் நான் இல்லை. பணம் பிறக்கும் முறை பழகியதுதான். அது போய்ச் சேர்ந்த இடங்கள்தான் எனக்குப் புதிது.

பணத்தை வெளியிடுவதால் கிடைக்கும் வருமானத்தைப் பொருளாதார நூல்கள் சீனியரேஜ் என்று எழுதும். வெளியீட்டு ஆதாயம் என்று வைத்துக்கொள்வோம். அதை அளக்க இரண்டு வழி உண்டு. மக்கள் கையில் இருக்கும் நோட்டும், வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் இருப்பும் சேர்ந்தது அடிப்படைப் பணம். ஓராண்டில் அது எவ்வளவு கூடியதோ, அவ்வளவுக்குப் பொருளும் உழைப்பும் நாட்டிலிருந்து வாங்கப்பட்டிருக்கிறது. கூடிய தொகையே ஆதாயம் என்பது ஒரு வழி. அந்தப் பணத்துக்கு ஈடாக மத்திய வங்கி வைத்திருக்கும் கடன்பத்திரங்களும் அந்நியச் செலாவணியும் ஈட்டும் வட்டியில் அச்சுக்கூலியும் நிர்வாகச் செலவும் கழித்து மிஞ்சுவது ஆதாயம் என்பது இன்னொரு வழி. நிதானமான நாடுகளில் இரண்டாவது கணக்கே போதும். ஆண்டு முடிவில் உபரி நிதியமைச்சகத்தின் கணக்குக்குப் போய்விடும். 1993இன் உக்ரைனில் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது. அங்கே உண்மையான வரவுசெலவு முதல் கணக்கில் நடந்தது. நிதிநிலை அறிக்கையில் அது தலைகாட்டவே இல்லை.

சோவியத் காலத்தில் பணம் இரண்டு வகை. கூலியாகக் கைக்கு வரும் ரொக்க ரூபிள் ஒன்று. ஆலைக்கும் ஆலைக்கும் இடையே கணக்கில் மட்டும் நகரும் ரூபிள் மற்றொன்று. பின்னதை முன்னதாக மாற்ற அனுமதி வேண்டும். கோஸ்பாங்க் என்ற ஒரே வங்கி. நாடெங்கும் அதற்குக் கிளைகள். கிளைகளுக்கிடையேயான தீர்வை எம்.எஃப்.ஓ. என்ற தலைப்பில் எழுதுவார்கள். ஒரு கிளை வரவு வைத்துவிடும். மறு கிளையின் பற்று தபாலில் வந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் எவரும் எவருக்கும் கடன் கொடுக்காமலேயே கொஞ்சம் பணம் உலவும். திட்டப் பொருளாதாரத்தில் அதனால் பெரிய கேடில்லை, கடையில் வாங்கப் பொருள் இருந்தால்தானே! சந்தை திறந்ததும் கதை மாறியது. 1992இல் ரஷ்யாவில் 'அவிஸோ' எனப்படும் பணக்கட்டளைகளைப் போலியாகத் தயாரித்து, செச்னியாவிலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் மாஸ்கோவின் தீர்வு நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அனுப்பியவரிடம் பணம் இருந்ததா என்று உறுதிசெய்யும் கடிதம் வருவதற்குள் இங்கே ரொக்கம் கைமாறிவிட்டது. தனியார் நடத்திய பண வெளியீடு அது. ஆதாயம் முழுவதும் அவர்களுக்கே. வேறொரு நாட்டின் கணக்கில் இதே சாயலில் விழுந்த ஒரு துளைக்கு நான் தனிப் பத்தியே போட வேண்டியிருந்தது. "அடையாளம் தெரியாத துறைக்கு வழங்கிய கடன்" என்று தலைப்பிட்டேன். மேலதிகாரி சிரிக்காமல் கையெழுத்திட்டார்.

ரூபிள் வட்டாரம் இதைவிடப் பெரிய விந்தை. 1992 தொடக்கத்தில் ரூபிள் 15 நாடுகளுக்கும் பொது. ரொக்கம் அச்சிடும் உரிமை மாஸ்கோவுக்கு மட்டும். கணக்கில் கடன் எழுதும் வசதியோ 15 மத்திய வங்கிகளுக்கும். கடன் எழுதிய நாட்டுக்கு ஆதாயம் முழுவதும் கிடைக்கும். விலையேற்றத்தை அத்தனை பேரும் பங்குபோட்டுச் சுமக்க வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் ஏமாளி. ஒவ்வொருவரும் முந்தினார்கள். 1992 ஜூலையிலிருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கணக்கு வைத்து மாஸ்கோ கடிவாளம் போடப் பார்த்தது. ஆனால் ரஷ்ய மத்திய வங்கியே தன் ஆலைகளுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில் ரஷ்யாவில் விலைவாசி 2,500 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஈஸ்டோனியா மட்டும் 1992 ஜூன் 20 அன்றே தனி வழி கண்டது. 8 குரூன் ஒரு ஜெர்மன் மார்க்குக்குச் சமம், கையிருப்பில் மார்க்கோ தங்கமோ இல்லாமல் ஒரு குரூன்கூட வெளியாகாது என்று சட்டம் போட்டுக்கொண்டது. மற்றவர்கள் மெல்ல உதிர்ந்தார்கள். 1993 ஜூலை 24 அன்று பழைய ரூபிள் நோட்டுகள் செல்லாது என்று மாஸ்கோ அறிவித்ததும் அவை எங்கெல்லாம் இன்னும் செல்லுமோ அங்கெல்லாம் போய்க் குவிந்தன. கஜகஸ்தானும் உஸ்பெகிஸ்தானும் அந்த ஆண்டு நவம்பரில் சொந்தப் பணம் வெளியிட வேண்டி வந்தது.

உக்ரைன் 1992 நவம்பரில் ரூபிளை முழுவதும் விட்டு விலகி, கூப்பனையே கார்போவானெட்ஸ் என்று தேசியப் பணமாக்கியது. சொந்தப் பணம் என்பதால் ஆதாயத்தில் இனி யாருக்கும் பங்கில்லை, விலையேற்றத்திலும் இல்லை. 1993 டிசம்பரோடு முடிந்த 12 மாதங்களில் விலைவாசி 10,155 சதவீதம் ஏறியது. போரோ படையெடுப்போ இல்லாத நாட்டில் இப்படி ஓர் எண் வருவது அபூர்வம்.

நான் போனது அந்தப் புயல் ஓரளவு அடங்கிய பிறகு, 1995இல். தேசிய வங்கி இன்ஸ்டிடுட்ஸ்கா தெருவில் இருக்கிறது. ஜார் காலத்து அரசு வங்கிக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. சோவியத் கணக்குத் தலைப்புகளில் கிடந்த பழைய ஆண்டுகளின் பேரேடுகளை உலகம் படிக்கும் பேலன்ஸ் ஷீட்டாக மாற்றுவது எங்கள் குழுவின் வேலை. எனக்கு வாய்த்த தலைமைக் கணக்காளர் அம்மையார் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே மணிச்சட்டத்தில் கூட்டுவார். கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்னால் கண்டுபிடிக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. அவருடைய விரலின் வேகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பேரேட்டில் 'அரசுக்கு வழங்கிய கடன்' என்ற தலைப்பு ஒன்று, 'வங்கிகளுக்கு வழங்கிய கடன்' என்பது மற்றொன்று. முதல் தலைப்பில் இருந்த தொகை அத்தனை பணத்தையும் விளக்கப் போதாது. மீதியெல்லாம் இரண்டாவதில் கிடந்தது. வங்கிகள் என்றால் பழைய சோவியத் துறை வங்கிகளின் வாரிசுகள். வசந்தத்தில் விதைப்புக் கடன், கோடையில் அறுவடைக் கடன், சுரங்கங்களின் சம்பள பாக்கி, ரஷ்ய எரிவாயு பாக்கி. நாடாளுமன்றமோ அமைச்சரவையோ தீர்மானம் போடும். தேசிய வங்கி தொகையை வணிக வங்கியின் கணக்கில் எழுதும். அது சற்றே கமிஷன் வைத்துக்கொண்டு பண்ணைக்கோ சுரங்கத்துக்கோ எழுதும். 1993 ஜூனில் டான்பாஸ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபின் வந்த கோடையில் கடன் எப்படிப் பெருகியது என்பது பேரேட்டின் தடிமனிலேயே தெரிந்தது. வங்கியின் மறுநிதி வட்டி அந்த ஆண்டில் 240 சதவீதம். காதில் விழும்போது கடுவட்டி. மாதத்துக்கு 20 சதவீதம். அந்த டிசம்பரில் மட்டும் விலை ஏறியது 90 சதவீதம். கடன் வாங்கியவர் வட்டியும் முதலும் ஒழுங்காகத் திருப்பினாலும், வாங்கியதில் சொற்பத்தைத்தான் திருப்புகிறார். மிச்சம் மானியம்.

அந்தக் கடன்களை அரசுத் தலைப்புக்கு மாற்ற வேண்டும் என்றேன். மொழிபெயர்ப்பாளர் வழியாக அம்மையாரின் கேள்வி வந்தது:

"பத்திரத்தில் அரசாங்கத்தின் கையெழுத்து இருக்கிறதா?"

"நாடாளுமன்றத் தீர்மானத்தின்படிதானே கொடுத்தீர்கள்?"

"தீர்மானம் இருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்று யார் எழுதிக் கொடுத்தார்?"

கணக்காளராக அவர் சொன்னது சரி. கையெழுத்திடாதவனைக் கடனாளி என்று பேரேட்டில் எழுத முடியாது. கடைசியில் பேரேட்டைத் தொடாமல், பின்னிணைப்பாக ஓர் அட்டவணை போட்டோம். ஒவ்வொரு காலாண்டிலும் பிறந்த பணத்தில் எவ்வளவு நிதிநிலை அறிக்கையின் பற்றாக்குறைக்குப் போனது, எவ்வளவு தீர்மானக் கடனாகப் போனது, எவ்வளவு அந்நியச் செலாவணி வாங்கப் போனது என்று மூன்று பத்தி. அரசாங்கங்களின் வருமானக் கணக்கு என்று புத்தகங்களில் அச்சாகும் எதையும் அதற்குப் பிறகு நான் அப்படியே நம்பியதில்லை. வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. ஆனால் இந்த வரியை வசூலித்தது விலைவாசி, செலவழித்தது பண்ணைத் தலைவரும் ஆலை இயக்குநரும். அவர்களில் விவரமானவர்கள் கடன் வந்த அன்றே அதை டாலராக்கிவிட்டு, அறுவடை முடிந்து கொஞ்சம் டாலரை விற்றுக் கடனை அடைத்தார்கள். நிதியமைச்சகத்துக்கு இதில் ஒரு காசும் மிஞ்சவில்லை.

மாறாக, இருந்ததும் போனது. வரிக்கு நோட்டீஸ் விட்டு இரண்டு மாதம் கழித்துப் பணம் வருகிறது என்றால், மாதத்துக்கு 90 சதவீதம் விலையேறும் நாட்டில் அதன் மதிப்பு கால் பங்குக்குச் சற்று மேல். வீட்டோ தான்ஸி என்ற இத்தாலியப் பொருளாதார அறிஞர் 1970களிலேயே லத்தீன் அமெரிக்காவை வைத்து இதை விளக்கியிருந்தார். வெளியீட்டில் ஒரு கையால் வந்தது, வரியில் மறு கையால் போகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: மக்கள் அந்தப் பணத்தைக் கையால் தொடவே கூசுகிறார்கள். சம்பளம் வந்த அன்று மதியமே சர்க்கரையும் மாவும் வாங்கிவிட வேண்டும், மிச்சத்தை டாலராக்கிவிட வேண்டும். ஆலைகள் பண்டமாற்றுக்கு மாறின. நாட்டு வருமானம் 100 என்றால் அடிப்படைப் பணம் 12 இருக்கிற நாட்டில், அதை 10 சதவீதம் கூட்டினாலே 1.2 கிடைத்துவிடும். மக்கள் ஓடிப்போய் அது 3 ஆகச் சுருங்கிய நாட்டில் அதே 1.2 வேண்டுமானால் 40 சதவீதம் கூட்ட வேண்டும். கூட்டினால் இன்னும் ஓடுவார்கள். ஃபிலிப் கேகன் 1956இல் எழுதிய ஆய்வில், ஐரோப்பாவின் பழைய பணவெடிப்புகள் பலவற்றிலும் அரசுகள் தமக்கு அதிகபட்ச ஆதாயம் தரும் எல்லையைத் தாண்டி வெளியிட்டுக்கொண்டே போனதைக் காட்டியிருந்தார். மேலே ஓடினால் குறையும் என்று தெரிந்தும் ஏன் ஓடினார்கள் என்பது அப்போது கேள்வியாக இருந்தது. கீவில் எனக்கு விடை கிடைத்தது. ஓடியவர் ஒருவரல்லர். ஒவ்வொரு தீர்மானமும் வேறு வேறு துறைக்காரரின் தீர்மானம். மொத்த ஆதாயத்தைக் கூட்டிப் பார்க்கும் வேலை எவருக்கும் இல்லை. ரூபிள் வட்டாரத்தின் 15 வங்கிகள் ஒரே கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்ததாகவே எனக்குத் தோன்றியது.

மக்கள் ஓடிப்போன இடமும் ஒரு மத்திய வங்கியின் வெளியீடுதான். 'ஒப்மின் வலூட்' (நாணய மாற்று) என்று பலகை மாட்டிய கூண்டுக் கடைகள் தெருவுக்குத் தெரு. 1996 மார்ச்சில் அமெரிக்கா புதிய 100 டாலர் நோட்டை வெளியிட்டபோது பழையது செல்லுமா என்று அந்த வட்டாரம் முழுக்கப் பதற்றம். பழைய நோட்டும் செல்லும் என்று அமெரிக்கத் தரப்பு ரஷ்யாவில் விளம்பரம் செய்து சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. மெத்தைக்கு அடியில் கிடந்த ஒவ்வொரு 100 டாலரும் வாஷிங்டனுக்கு வட்டியில்லாக் கடன். உக்ரைன் இழந்த ஆதாயத்தின் ஒரு பகுதி அமெரிக்கத் தேர்தலில் வாக்களிக்கவே முடியாத ஆட்களால் அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்னொரு தலைநகரில் (எது என்று சொல்லப்போவதில்லை) விவகாரம் நேர்த்தியாக நடந்தது. அங்கே நேரடிக் கடனைச் சட்டம் தடை செய்திருந்தது; சர்வதேசக் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனை. எனவே ஆதாயம் 'லாபம்' என்ற பெயரில் வந்தது. மத்திய வங்கியிடம் 10 கோடி டாலர் இருக்கிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலர் உள்ளூர்ப் பணத்தில் 20; ஆண்டு முடிவில் 30. டாலர் ஒன்றுகூடக் கூடவில்லை. பேரேட்டிலோ 100 கோடி கூடியிருக்கிறது. பழைய கணக்கு முறை அதை லாபம் என்று எழுதியது. லாபம் என்றால் சட்டப்படி நிதியமைச்சகத்துக்கு. டிசம்பரில் கடிதம் வந்துவிடும்: தொகையை அரசின் கணக்கில் வரவு வைக்கவும்.

துணை அமைச்சர் பண்பானவர், கணிதம் படித்தவர். "உங்கள் கணக்கிலேயே லாபம் என்று போட்டிருக்கிறதே, நானா எழுதினேன்?" என்று கேட்டார். பீரோவில் இருக்கும் சங்கிலி பவுன் விலை ஏறியதால் மதிப்பு கூடிவிட்டது என்பதற்காக மளிகைக் கடை பாக்கியை அடைத்துவிட முடியாது, சங்கிலியை விற்றால்தான் காசு என்று எங்கள் ஊர்ப் பாணியில் சொல்லிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பில் சங்கிலி விற்பனைக்கு இருக்கிறது என்று போய்ச் சேர்ந்ததோ என்னவோ, "அப்படியென்றால் டாலரை விற்றுவிடுங்கள்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. விற்றிருந்தால் உள்ளூர்ப் பணம் வங்கிக்குள் வந்து அடிப்படைப் பணம் சுருங்கும். அதன்பின் அதே அளவை அரசாங்கம் செலவழித்தாலும் பணம் கூடாது. விற்காமல் வரவு மட்டும் வைத்தால் அது முழுக்கப் புதுப் பணம். அதாவது நாணயத்தின் மதிப்பு விழ விழ, விழுந்த அளவுக்கு மேலும் அச்சிட உரிமை பிறக்கும் ஏற்பாடு. மதிப்பைக் காக்க வேண்டிய வங்கிக்கு அது விழுவதே லாபம்.

இதற்குத் தம்பி ஒருவனும் அங்கே இருந்தான். அரசாங்கம் பழைய கடனுக்கு வட்டி கட்டவில்லை. வங்கி அந்த வட்டியை முதலோடு சேர்த்துக் கடனைப் பெருக்கி, சேர்த்த தொகையை வருமானம் என்றும் எழுதியது. வருமானம் லாபமானது, லாபம் அரசாங்கத்துக்குப் போனது. கட்டாத வட்டி, செலவழிக்கும் பணமாகத் திரும்பி வந்தது! சட்டம் மீறப்படவில்லை, தணிக்கையாளர் குறை சொல்லவில்லை. அந்த ஆண்டு கேட்டதில் பாதி கொடுக்கப்பட்டது. மறு ஆண்டு சட்டத்தில் இரண்டு வரி மாறின: மறுமதிப்பீட்டு ஏற்றம் தனிக் கணக்கில் நிற்கும், அதிலிருந்து விநியோகம் கிடையாது, கைக்கு வராத வட்டி வருமானமாகாது. பணக்கொள்கை பற்றிய கருத்தரங்குகளில் நான் கேட்ட உரைகள் எதையும்விட அந்த இரண்டு வரிகள் அதிகம் சாதித்தன என்பது என் கட்சி. கணக்காளன் அப்படித்தான் சொல்வான் என்று பொருளாதாரக்காரர்கள் சிரிப்பார்கள்.

பல்கேரியா வேறு வகை. அங்கே ஓட்டை வங்கிகள் வழியாக. நஷ்டத்தில் ஓடிய அரசு ஆலைகளுக்கு வங்கிகள் கடன் கொடுத்தன. திவாலான வங்கிகளுக்கு மத்திய வங்கி கொடுத்தது. 1996இல் வங்கிகள் வரிசையாக விழுந்தன. 1997 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் விலை 240 சதவீதம் ஏறியது. ஜூலை 1 முதல் 1,000 லெவா ஒரு மார்க் என்று கட்டிப்போட்டார்கள். அதன்பின் பல்கேரிய தேசிய வங்கியின் வெளியீட்டுத் துறை அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்க முடியாமல் போனது. ஆதாயம் என்பது வெளிநாட்டில் போட்ட கையிருப்பின் வட்டி மட்டும். அந்தத் துறையின் பேலன்ஸ் ஷீட் வாரந்தோறும் வெளியானது, ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. என் தொழிலில் அதைவிட அழகான தாளை நான் கண்டதில்லை. தொகை சிறியது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கூடப் பையனும் சொல்லிவிடுவான். 2026 ஜனவரியில் யூரோவுக்குள் போனபோது அந்த ஏற்பாடு 28 ஆண்டுக்கு மேல் அசையாமல் நின்றிருந்தது.

உக்ரைன் வளைந்து வளைந்து வந்தது. 1994 அக்டோபரில் புதிய அதிபர் குச்மாவின் திட்டம் தொடங்கியதும் தேசிய வங்கி வட்டியை 300 சதவீதமாக்கியது. விக்தர் யுஷென்கோ அப்போது ஆளுநர். 1995இல் கருவூலப் பத்திரங்கள் வந்தன. 1996 செப்டம்பரில் 1,00,000 கார்போவானெட்ஸுக்கு ஒரு ஹிரிவ்னியா. நோட்டுகள் 1992இலேயே கனடாவில் அச்சிடத் தொடங்கப்பட்டு, விலைவாசி அடங்கட்டும் என்று பெட்டகத்தில் காத்திருந்தவை. 1997இல் பணவீக்கம் 10 சதவீதத்துக்கு இறங்கியது. 1998இல் ரஷ்யா கடன் கட்டாமல் கைவிரித்தபோது வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வெளியேற, பத்திரங்கள் தேசிய வங்கியிலேயே வந்து குவிந்தன: பழைய கடன், புதிய உறை. 1999 மே மாதச் சட்டம் அரசுக்கு நேரடிக் கடனை மூடியது.

பிறகு நடந்ததை எந்தப் பாடப்புத்தகமும் போதிய அளவு சொல்வதில்லை. 2000க்குப் பின் உருக்கு ஏற்றுமதியில் டாலர் வந்தது. தேசிய வங்கி அதை வாங்கி ஹிரிவ்னியா வெளியிட்டது. 2002இல் விலைவாசி ஏறவில்லை, 0.6 சதவீதம் இறங்கியது. அதே ஆண்டில் அடிப்படைப் பணம் கால் பங்குக்கும் மேல் கூடியது. மக்கள் மறுபடியும் தங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள், அவ்வளவுதான். 1993இல் ரத்தக்களறியாகப் பிடுங்கியதை இப்போது எல்லோரும் வலியே தெரியாமல் கொடுத்தார்கள். பேரேட்டின் மறுபக்கத்தில் தீர்மானக் கடனுக்குப் பதில் டாலர் கையிருப்பு.

அந்தப் பெயர் சொல்லாத தலைநகரிலும் கையிருப்பு வளர்ந்தது, நாணயம் வலுத்தது, மறுமதிப்பீட்டுக் கணக்கு இறங்குமுகமானது. டிசம்பர் கடிதம் மட்டும் நிற்கவில்லை. பதிலைத் தலைமைக் கணக்காளர் அலுவலகம் ஒரு மாதிரிப் படிவமாகவே அடித்து வைத்திருந்தது. சட்டப்பிரிவு எண் அதில் அச்சாகியிருக்கும். தேதியையும் துணை அமைச்சரின் பெயரையும் மட்டும் ஆண்டுதோறும் நிரப்புவார்கள். பெயர்தான் அடிக்கடி மாறும்.